கோத்தகிரிச் சோலையை வரைந்தேன், பச்சைச் சுவர் மாதிரி வந்திருக்கிறது

தூறல்77 (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போய் வந்தேன். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஒரு தோழியோடு காலை ஏழரைக்கு உள்ளே போனோம். ஊரை ஒட்டியே இருக்கிற காடு, மொத்தம் 116 ஹெக்டேர்தான். 2024-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வெளியே தேயிலைத் தோட்டத்தில் வெயில் கண்ணைக் கூசியது. சோலைக்குள் பத்தடி வைத்ததும் ஸ்வெட்டரைத் தேடினேன். இருட்டுக்குக் கண் பழகவே இரண்டு நிமிடம் ஆயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. வளைந்து நெளிந்த அடிமரங்கள், அவற்றின்மேல் ஈரப் பாசி, எங்கோ உச்சியில் ஓர் இடைவெளி வழியாக இறங்கி ஒரே ஒரு பெரணி இலையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த வெளிச்சம். அந்தப் பெரணியை வரையத்தான் உட்கார்ந்தேன்.

வாட்டர் கலர், 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரஸ்டு தாள். சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன் இரண்டும்தான் அதிகம் பயன்படுத்தினேன். இரண்டு மணி நேரத்தில் இரண்டு படம். இரண்டையும் கீழே போட்டிருக்கிறேன். முதல் படத்தில் அந்தப் பெரணி எங்கே என்று எனக்கே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது சோலை ஓரத்திலிருந்து வரைந்தது, அதுவும் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. ஒரு மரம் முழுக்கச் செம்புநிறத் தளிர் விட்டிருந்தது, அதை வரைந்தால் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இதில் தாள் காயவே மாட்டேன் என்றது வேறு.

நாலு வருடமாக வரைகிறேன். கோயில், தெரு, ஆற்றங்கரை எல்லாம் ஓரளவு வருகிறது. காட்டுக்குள் மட்டும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

வெள்ளைத்தாள் (மதுரை)

எனக்கும் இதே கதைதான். அழகர்கோயில் மலையடிவாரத்தை மூன்று முறை வரைந்து மூன்றையும் கிழித்துப் போட்டேன். பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

டிராயிங் மாஸ்டர் (தஞ்சாவூர்)

அம்மா தூறல், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு நன்றாக இருக்கிறது. அடிமரங்களின் வளைவைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், அந்த முண்டும் முடிச்சும் மனதிலிருந்து வராது. ஆக, குறை வரைவதில் இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முதல் படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் மாற்றிப் பார்த்தேன். மரம், இலை, தரை, பின்னால் இருக்கும் காடு எல்லாம் ஒரே சாம்பல். நீங்கள் ஏழெட்டு விதப் பச்சை போட்டிருக்கிறீர்கள், ஆனால் அத்தனையும் ஒரே அளவு அழுத்தம். பெரணி தொலைந்துபோனது அதனால்தான். வெளிச்சம் அதன்மேல் விழுந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது சரி, ஆனால் அந்த வெளிச்சம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது சுற்றியிருந்த இருட்டினால். அந்த இருட்டைப் படத்தில் நீங்கள் போடவே இல்லை. கைக்குப் பயம். புதிதாகக் காட்டை வரைகிற எல்லோருக்கும் இருக்கிற பயம்தான், வாட்டர் கலரில் அழுத்தமாகப் போட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்று.

நான் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தபோது, முதல் வருடம் அவுட்டோருக்குக் காவிரிக் கரையில் ஒரு மாந்தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். உட்கார்ந்ததும் எங்கள் ஆசிரியர் வரிசையாக வந்து எல்லோருடைய பெட்டியிலிருந்தும் பச்சை டியூப்களை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாந்தோப்பைப் பச்சை இல்லாமல் எப்படி வரைவது என்று திகைத்துப்போனோம். மாலை வரை கலந்து கலந்து பார்த்தோம். அன்றைக்குக் கற்றதைத்தான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அல்ட்ராமரைன் நீலத்தோடு எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) கலந்தால் மங்கிய, சற்றே சாம்பல் ஓடிய பச்சை வரும். தூரத்து மரங்களுக்கு அதுதான். லெமன் எல்லோவில் ஐவரி பிளாக் ஒரு துளி விட்டுப் பாருங்கள், ஆலிவ் நிறம் வரும். நிழலில் இருக்கும் பாசிக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் கண்டதில்லை. தாலோ கிரீன் தனியாகப் போட்டால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும், அதில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தால் ஆழமான காட்டுப் பச்சை. அதே தாலோ கிரீனோடு கிரிம்சன் சேர்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் டப்பாக் கறுப்பு மாதிரி செத்துக் கிடக்காது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றும். உங்கள் படத்தில் இல்லாத இருட்டு அதுதான். (அலிசரின் கிரிம்சன் பழைய வகை நாளாக ஆக வெளிறிவிடும், பெர்மனென்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.)

ஒரு தாளில் இருபத்துநாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன கலந்தீர்கள் என்று பென்சிலால் எழுதி, பச்சைகளை நிரப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதைப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்துக்கொண்டு அடுத்த முறை சோலைக்குப் போங்கள்.

இன்னொன்று. இலைகளுக்கு நடுவே வானம் தெரியும் சிறு துளைகளை நீங்கள் வெள்ளைத் தாளாகவே விட்டிருக்கிறீர்கள். திறந்த வானத்தின் அளவுக்கு அவற்றை வெளிச்சமாக வைத்தால் கண் அங்கேயே போய் நிற்கும், கூரை ஓட்டை மாதிரி இருக்கும். துளை சிறிதாகச் சிறிதாகக் கொஞ்சம் மங்கலாக ஒரு வாஷ், அதாவது நீர்த்த நிறத்தில் மெல்லிய பூச்சு, கொடுங்கள்.

தூறல்77

ஐயா, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. அத்தனை பாடுபட்டு வரைந்த படம் ஒரு சாம்பல் துணி மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு சோதனை இருப்பது நாலு வருடமாகத் தெரியாமல் போயிற்றே.

கட்டம் போட்டு விட்டேன். லெமன் எல்லோவும் கறுப்பும் சேர்ந்து பச்சை ஆகும் என்று நான் நம்பவில்லை. கலந்த உடனே அந்தச் சோலைப் பாசி என் தட்டில் வந்து உட்கார்ந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அந்தச் சிவப்புத் தளிர் மரத்தை என்ன செய்வது? அது என்ன மரம் என்று யாருக்காவது தெரியுமா?

இலைநரம்பு (கொடைக்கானல்)

நான் ஓவியர் இல்லை. நாற்றங்கால் ஒன்றில் சோலை மரக் கன்றுகள் வளர்க்கும் வேலை. ஆனாலும் இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

படத்தை வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல மாட்டேன். சோலையில் நாவல் குடும்பத்து மரங்கள் நிறைய, அவற்றில் பல இப்படித்தான் சிவந்து துளிர்க்கும். இளந்தளிரில் பச்சையம் முழுதாக ஊறியிருக்காது, ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி இருக்கும். மலை வெயிலின் கடுமையிலிருந்து தளிரைக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. சில வாரங்களில் செம்பு நிறம் வெளிறி, மஞ்சளித்து, பச்சையாகிவிடும். ஒரே மரத்தில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் இருப்பதைப் பார்க்கலாம். நுனிக் கிளைகளில்தான் சிவப்பு, உள்ளே போகப் போகப் பழைய இலையின் கரும்பச்சை. நீங்கள் மரம் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், தீப்பிடித்த மாதிரி தெரிவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

வரைகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுவதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஷோலா என்கிறார்களே, அது நம் சோலைதான். மேற்கு மலைத்தொடரில் பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேலே, மலை மடிப்புகளில் நீர் ஓடும் இடங்களில் மட்டும் இந்தக் காடு இருக்கும். சுற்றிலும் புல்வெளி. காற்றும் குளிரும் அதிகம் என்பதால் மரங்கள் உயரமாகப் போகாது. உச்சிகள் உருண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, எதிர்மலையிலிருந்து பார்த்தால் பூக்கோசு மாதிரி இருக்கும். ஆகவே தூரத்துச் சோலையை வரையும்போது கூர்மையான உச்சி எதையும் போடாதீர்கள். புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும், மெல்ல மெல்ல மாறாது. அந்த விளிம்பில் பல இடங்களில் காட்டுப்பூவரசு நிற்கும், முறுக்கிய உடம்பும் ரத்தச் சிவப்புப் பூவுமாக.

உள்ளே வந்தால் பாசி மட்டும் இல்லை. கிளைகளில் தாடி மாதிரி தொங்குவது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உயிர். அது பச்சையே இல்லை, சாம்பலும் வெளிர் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். அடிமரத்தில் திட்டுத்திட்டாக வெள்ளையாக ஒட்டியிருப்பதும் லைக்கன்தான். அதைப் பட்டை உரிந்த இடம் என்று நினைத்துப் பழுப்பு அடித்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று, வருத்தப்படக் கூடாது. உங்கள் இரண்டாவது படத்தில் சோலை ஓரமாக வரிசையாக, மெல்லிசாக நிற்கிறதே, அது சோலை மரம் இல்லை. சீகை. ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது.

நைட்ஷிப்ட் (ஓசூர்)

அருமையான தகவல்கள். நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வருடத்துக்கு ஒரு முறை காட்டுப் பக்கம் போனால் பெரிய விஷயம். போனில் நூறு போட்டோ எடுத்து வந்து, அதைப் பார்த்து வருடம் முழுக்க வரைகிறேன். நேரில் உட்கார்ந்து வரைந்தால்தான் ஓவியம் என்று சிலர் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

டிராயிங் மாஸ்டர்

தம்பி, அப்படி நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வரைகிறவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் காட்டைப் பொறுத்தவரை போட்டோ ஒரு விதத்தில் ஏமாற்றும், அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். பழைய கேமராவில் வானம் சரியாக விழுந்தால் நிழல் கறுத்துவிடும், நிழல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். இப்போதைய போன் வேறு விதம். நிழலை அதுவாகவே வெளிச்சமாக்கி, வானத்தை அதுவாகவே மங்கலாக்கி, எல்லாவற்றையும் சமமாக்கிக் கொடுத்துவிடுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் இருட்டு போய்விடுகிறது.

அதனால், போகிற அந்த ஒரு நாளில் போட்டோவோடு ஒரு சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். தீப்பெட்டி அளவில் பென்சிலால் கிறுக்குங்கள். எது ரொம்ப இருட்டு, எது நடுத்தரம், எது வெளிச்சம், மூன்றே மூன்று. பக்கத்தில் எழுதுங்கள்: "பாறை ஊதா ஓடுகிறது", "தரைச் சருகு நினைத்ததைவிடச் சிவப்பு" என்று. ஒரு கிறுக்கலுக்கு மூன்று நிமிடம். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்து அந்தப் போட்டோவைத் திறக்கும்போது, போன் மாற்றியது எதை என்று நோட்டு சொல்லும்.

ஸ்கார்பரோ வாசி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். தூறல் தங்கச்சி, உங்கள் அடிமரங்கள் நல்ல வடிவு.

இங்கே டாம் தாம்சன் என்று ஓர் ஓவியர் இருந்தவர். ரொறன்ரோவுக்கு வடக்கே அல்கொன்குவின் பூங்காவில் வள்ளத்தில் திரிந்து, கோடையெல்லாம் காட்டிலேயே கிடந்து வரைந்தவர். அவர் வெளியே கொண்டுபோனது பெரிய கான்வாஸ் இல்லை. ஏறக்குறைய 21-க்கு 27 சென்டிமீட்டர், ஒரு பள்ளிக் கொப்பி அளவுதான், சின்னச் சின்ன மரப் பலகைகள். அதில் ஒரே இருப்பில் எண்ணெய் வண்ணத்தால் முடித்துவிடுவார். பனிக்காலத்தில் ரொறன்ரோவுக்குத் திரும்பி, அந்தப் பலகைகளில் சிலதை வைத்துப் பெரிய படம் செய்வார். 'த ஜாக் பைன்' என்ற பெயர்பெற்ற படம் அப்படி வந்ததுதான். 1916-ல் பலகையில் போட்டதைப் பார்த்துப் பிறகு நாலடிக்கும் மேலான கான்வாஸில் தீட்டினார். 1917 ஜூலையில் அதே பூங்காவில், கனூ ஏரியில் இறந்துபோனார். வயது 39.

நான் அந்தப் பலகைகள் சிலவற்றைக் காட்சிக்கூடத்தில் கிட்ட நின்று பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மரங்களுக்கு நடுவே தெரியும் வானம் பின்னாலே இருக்கவில்லை, மரத்தை வரைந்து முடித்த பிறகு அதன்மேலேயே வானத்தின் நிறத்தைத் தடிப்பாக வைத்திருக்கிறார். கிளையின் வடிவத்தை வெட்டித் தந்தது அந்த வானம். எண்ணெயில் அது முடியும். வாட்டர் கலரில் நீங்கள் மாறி யோசிக்க வேணும்.

நைட்ஷிப்ட் தம்பிக்கு: நீங்கள் எடுத்த நூறு போட்டோவில் ஒன்றைப் பலகை அளவில் முப்பது நிமிடத்துக்குள் போட்டுப் பாருங்கள். சின்ன அளவும் குறைந்த நேரமும் இருந்தால் இலையை எண்ண மனம் போகாது.

இன்னொருவர் எமிலி கார், 1871-ல் பிறந்தவர், கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியாக்காரி. அந்தப் பக்கத்துக் காடு சரியான இருட்டு, மழைக்காடு. கையில் காசில்லாத 1930-களில் மலிவான மணிலாத் தாளில், எண்ணெய் வண்ணத்தைப் பெற்றோலில் கரைத்து வரைந்தார். சீக்கிரம் காயும், தூரிகையும் தண்ணீர் மாதிரி ஓடும். அந்தப் படங்களில் தனித்தனி மரமே கிடையாது. காடு முழுக்க ஒரே மூச்சில் அசைகிற மாதிரி இருக்கும். (பெற்றோலை வீட்டுக்குள்ளே யாரும் முயற்சி செய்யாதீர்கள், ஆபத்து.)

தூறல்77

அண்ணா, வானத்தை மரத்தின்மேல் வைப்பது என்பதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வாட்டர் கலரில் மாற்றி யோசிப்பது என்றால், வெளிச்சமாக இருக்க வேண்டிய பெரணியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இருட்டை வரைவதா? பெரணியைத் தொடவே கூடாதா?

டிராயிங் மாஸ்டர்

அதேதான். முதலில் தாள் முழுக்க வெளிர் மஞ்சள் பச்சை ஒரு வாஷ். காயட்டும். பிறகு பெரணியின் வெளிக்கோட்டை மட்டும் விட்டு, சுற்றிலும் நடுத்தரப் பச்சை. காயட்டும். பிறகு அந்த நடுத்தரத்துக்குள்ளேயே பின்னால் இருக்கும் இன்னொரு பெரணியின் வடிவை விட்டு, மீதியை அந்த இருட்டுக் கலவையால் மூடுங்கள். மூன்றே படி. பெரணியை நீங்கள் வரைந்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் அது அங்கே நிற்கும்.

தூறல்77

காயட்டும், காயட்டும் என்கிறீர்கள் ஐயா, அங்கேதான் பிரச்சினை. கோவையில் ஐந்து நிமிடத்தில் காயும் வாஷ் கோத்தகிரியில் இருபது நிமிடம் ஆகியும் பளபளவென்று அப்படியே இருந்தது. பொறுமை இழந்து மேலே போட்டால் எல்லாம் கலந்து சேறாகிவிடுகிறது. மூடுபனி வேறு இறங்கிவிட்டது.

வெள்ளைத்தாள்

மூடுபனி இறங்கினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். டோக்கியோவில் தேசிய அருங்காட்சியகத்தில் ஹசெகவா தோஹாகு வரைந்த பைன் மரத் திரைகள் இருக்கின்றன, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தவை. ஆறு மடிப்புள்ள திரைகள் இரண்டு. வெறும் மைதான், நிறமே இல்லை. முன்னால் சில மரங்கள் வேகமான முரட்டுத் தூரிகைக் கோடுகளாக, அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு நீர்த்த மையில் ஆவி மாதிரி. மீதித் தாள் முழுக்கச் சும்மா விட்டிருக்கிறார். அந்தச் சும்மா விட்ட இடம்தான் பனி. இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு ஓர் இரவே உட்கார்ந்திருக்கிறேன்.

ருஷ்ய ஓவியர் இவான் ஷீஷ்கின் இதற்கு நேர் எதிர், ஒவ்வொரு பட்டையையும் விடாமல் தீட்டுகிறவர். ஆனால் 1891-ல் அவர் வரைந்த ஓக் காட்டில் மழை என்ற படத்தைப் பாருங்கள். குடை பிடித்து நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் மரங்கள் ஒவ்வொரு வரிசையாக வெளிறி வெளிறி, கடைசி வரிசை வெறும் சாம்பல் கறையாகிவிடுகிறது. மாஸ்டர் சொன்ன அழுத்த வித்தியாசம் அந்தப் படத்தில் படிக்கட்டு மாதிரி தெரியும்.

டிராயிங் மாஸ்டர்

நல்ல உதாரணங்கள். தாள் காய்வதைப் பற்றிச் சொல்கிறேன், இது விரல் பழக வேண்டிய விஷயம்.

வாஷ் போட்டதும் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். குளத்து நீர் மாதிரி பளபளக்கும். அப்போது தூரிகையை வைத்தால் நிறம் ஓடிப்போகும், வடிவம் நிற்காது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பளபளப்பு அடங்கி, துடைத்த வாழையிலை மாதிரி மெல்லிய மினுமினுப்பாகும். அந்த ஒரு நிமிடம்தான் மூடுபனிக்குள் மரம் வரைகிற நிமிடம். தூரிகையில் தண்ணீர் குறைவாக, நிறம் கெட்டியாக எடுத்து ஒரே இழுப்பு. அடிமரம் நிற்கும், ஓரம் மட்டும் கரையும். மினுமினுப்பும் போய்விட்டதென்றால் கையை எடுத்துவிடுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் தாள் இன்னும் சில்லென்று இருக்கும், உள்ளே ஈரம் இருக்கிறது. அப்போது தண்ணீரோடு தொட்டால்தான் பூக்கோசு மாதிரி கறை படரும்.

மலையில் இருபது நிமிடம் ஆகிறது என்றால் அந்த வசதியான ஒரு நிமிடம் அங்கே நாலைந்து நிமிடமாக நீளும். அதை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இரண்டாவது தாள் ஒன்று வைத்துக்கொண்டு, இது காயும்வரை அதில் வேலை செய்யுங்கள். ரொம்பவும் ஈரமான நாளென்றால் குவாஷுக்கு (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான தண்ணீர் வண்ணம்) மாறிவிடுங்கள், இருட்டின்மேல் வெளிச்சத்தை வைக்கலாம், எண்ணெய் மாதிரியே.

இலைநரம்பு

மழைக்காலத்தில் போகிறவர்கள் அட்டைக்கு உப்போ சுண்ணாம்போ எடுத்துப் போங்கள். உட்கார்ந்து வரைகிறவர்களை அதற்கு ரொம்பப் பிடிக்கும். தூரிகை கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், பாட்டிலில் மூடித் திரும்பக் கொண்டுவாருங்கள். சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் இருக்கும். லாங்வுட் ஓடைத் தண்ணீரைக் கீழே ஊர்க்காரர்கள் குடிக்கிறார்கள்.

தூறல்77

குறித்துக்கொண்டேன். அப்புறம் அந்தச் சீகை விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சோலை என்று நினைத்து வேறொன்றை வரைந்திருக்கிறேன். கொடைக்கானல் பைன் காட்டையும் மூன்று முறை வரைந்திருக்கிறேன், அதுவும் நட்டதுதானே? இனிமேல் இவற்றை வரையாமல் விட்டுவிட வேண்டுமா?

இலைநரம்பு

பைன் நட்டதுதான். கீழே ஊசியிலை மெத்தை மாதிரி படிந்து கிடக்கும், வேறு செடி அதிகம் முளைக்காது. அதனால்தான் நேர்நேராகக் கம்பங்கள், நடுவே சுத்தமான வெளி என்று வரைய லேசாக இருக்கிறது. வரையக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் கண்காட்சிகளில் "மலைக்காடு" என்று தலைப்புப் போட்டு எப்போதும் பைனும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமுமே தொங்குகின்றன. பக்கத்திலேயே நிற்கும் சோலையை யாரும் வரைவதில்லை. வரைய லேசானது நிலைத்துவிடுகிறது, கடினமானது கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது. இதைத்தான் நான் பொறுக்க முடியாமல் எழுதினேன்.

வெள்ளைத்தாள்

இதே சண்டை பிரான்சில் நடந்திருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால். பாரிசுக்குத் தென்கிழக்கே ஃபோந்தேன்புளோ காடு, அதன் ஓரத்தில் பார்பிசோன் என்ற சிற்றூர். 1830-களிலிருந்து ஓவியர்கள் அங்கே வந்து தங்கி, காட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்துக் குத்தி எடுக்க வேண்டும். மூடியோடு கூடிய உலோக டியூப்புக்கு ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை வாங்கியது 1841-ல். 1849-ல் ஃபோந்தேன்புளோவுக்கு ரயிலும் வந்தது. பிறகு கேட்க வேண்டுமா, கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அவர்களில் தியோடோர் ரூஸோ (1812–1867) காட்டு மரங்களைத் தன் வீட்டு மனிதர்கள் மாதிரி நினைத்தவர். குளிர்காலக் காட்டில் சூரியன் மறையும் ஒரு பெரிய படத்தை 1846 வாக்கில் தொடங்கி, சாகும்வரை விட்டு விட்டுத் தீட்டிக்கொண்டே இருந்தார். இப்போது அது நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கண்ணெதிரே பழைய ஓக் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், அந்த இடங்களில் சீக்கிரம் வளரும் பைனை வரிசையாக நட்டார்கள். 1852-ல் அவர் அரசுக்கு மனு எழுதினார். 1853-ல் 624 ஹெக்டேரில் வெட்டுவதை நிறுத்திவைத்தார்கள். 1861-ல் 1,097 ஹெக்டேரை ஓவியர்களுக்கான பகுதி என்றே அரசாணை போட்டு ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா அமைந்தது 1872-ல்தான், அதற்குப் பதினொரு வருடம் முன்னால்.

இலைநரம்பு சொல்வது புரிகிறதா தூறல்? அந்த ஓக் மரங்களை ரூஸோவும் நண்பர்களும் ஓயாமல் வரைந்து, பாரிஸ்காரர்கள் கண்ணில் பட வைத்த பிறகுதான் அவற்றுக்காகக் கேட்க முடிந்தது.

கற்பூரமரம் (திருப்பூர்)

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு மட்டும் எழுத வேண்டும் போல இருக்கிறது.

நான் பிறந்தது குன்னூர் பக்கம். என் அப்பா சீகைப் பட்டை உரிக்கும் வேலை செய்தவர். தோல் பதனிட அந்தப் பட்டை கட்டுக்கட்டாக லாரியில் போகும். சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வரும்போது கைவிரல் எல்லாம் செம்பழுப்பாக இருக்கும், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தப் பட்டையின் வாடைதான் எனக்கு அப்பாவின் வாடை. சீகை பூக்கும் பருவத்தில் மலையே வெளிர் மஞ்சளாகும். அது வெளியூர் மரம், சோலையையும் புல்வெளியையும் தின்றுவிட்டது என்பதெல்லாம் பெரியவனாகிப் படித்த பிறகுதான் தெரிந்தது. உண்மை, மறுக்கவில்லை. அகற்றும் வேலை நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் என் பிள்ளைப் பருவத்துக் காடு அதுதான். அது போய்விடுவதற்குள் ஒரு முறை சரியாக வரைந்துவிட வேண்டும் என்றிருக்கிறேன்.

இலைநரம்பு

அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கட்டாயம் வரையுங்கள். படத்தின் பின்பக்கம் "சீகை" என்று பெயரையும் வருடத்தையும் எழுதிவையுங்கள். இத்தனை நாள் நான் கேட்க நினைத்ததும் அவ்வளவுதான், எதை வரைகிறோமோ அதன் பெயரோடு. உரித்த பட்டையின் உள்பக்கம் எந்த நிறத்தில் இருந்தது என்று நினைவிருந்தால் இங்கே எழுதுங்களேன்.

கற்பூரமரம்

உரித்த உடனே வெளிர் மஞ்சளாக, வழுவழுவென்று ஈரமாக இருக்கும். வெயில் பட்டதும் கொஞ்ச நேரத்தில் சிவக்க ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் செங்கல் நிறம். உரித்த மரம் மட்டும் வெள்ளையாக, துணியில்லாத மாதிரி நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்க்கப் பிடிக்காது.

டிராயிங் மாஸ்டர்

தம்பி, நிறத்தை நீங்கள் ஏற்கனவே வரைந்துவிட்டீர்கள். எல்லோ ஆக்கரில் தொடங்கி, ஈரம் இருக்கும்போதே கீழிருந்து பர்ன்ட் சியன்னாவை ஏற விடுங்கள். முடித்ததும் இங்கே போடுங்கள், நான் பார்க்க வேண்டும்.

தூறல்77 (மூன்று வாரம் கழித்து)

மறுபடியும் லாங்வுட் போய் வந்தேன்.

இந்த முறை சின்னதாக, ஆறங்குலச் சதுரத் தாள்தான். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் தன் காட்டுப் படங்களைச் சதுரக் கான்வாஸில் வரைந்தார், அட்டையில் சதுரமாகத் துளை வெட்டி அதன் வழியே பார்த்து இடம் தேர்ந்தெடுப்பார் என்று படித்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வெட்டி எடுத்துப் போனேன். அதன் வழியே பார்த்தால் காடு சட்டென்று அடங்கிவிடுகிறது. இருபது மரம் இருந்த இடத்தில் இரண்டரை மரம்தான்.

முதல் அரை மணி நேரம் வண்ணப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நோட்டில் தீப்பெட்டி அளவில் ஆறு கிறுக்கல். ஆறாவதில்தான், அடிமரங்களுக்குப் பின்னால் ஓர் இடம் மற்ற எல்லாவற்றையும்விட இருட்டாக இருப்பது தெரிந்தது. போன தடவை அதே இடத்தில் மரங்களைப் போட்டு நிரப்பியிருந்தேன். இந்தத் தடவை தாலோவும் கிரிம்சனும் கலந்து, கை நடுங்க நடுங்க அந்த இடத்தில் வைத்தேன். வைத்த அந்த நொடியில் முன்னால் இருந்த பெரணி எழுந்து நின்றது. நான் அதைத் தொடக்கூட இல்லை. தோழி என்ன ஆச்சு என்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சிவப்புத் தளிர் மரம் மூன்று வாரத்தில் பாதி பச்சையாகிவிட்டிருந்தது, இலைநரம்பு சொன்ன மாதிரியே. நுனியில் மட்டும் மிச்சமிருந்த செம்பு நிறத்தை ஐந்தாறு புள்ளியாக வைத்தேன். லைக்கனுக்குத் தாளையே விட்டுவிட்டு, மேலே சாம்பல் கலந்த மஞ்சள் ஒரு மெல்லிய பூச்சு. கழுவின தண்ணீரைப் பாட்டிலில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

படம் கீழே. கறுப்பு வெள்ளையாக மாற்றியதையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். வலது மேல் மூலையில் ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை.

நைட்ஷிப்ட்

அக்கா, பெரணி தெரிகிறது. போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரிகிறது.

டிராயிங் மாஸ்டர்

வலது மூலையில் அந்தக் கிளை தாளின் ஓரத்துக்கு இணையாக ஓடுகிறது, கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரத் தூரிகையால் தடவிப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், பாதி போனால் போதும். வேறெதையும் தொடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அம்மா.